ரத்த அழுத்தம்: அளக்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள்

ரத்த அழுத்தம் அளப்பது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை நிரப்பும் அந்த ஒரு நிமிடத்தில் மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

பி.பி. என்பது எல்லோருக்கும் ஒரே நோய், எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற எண்ணம்தான் நான் பார்த்தவரை அதிகத் தீங்கு செய்திருக்கிறது. அதில் வகைகள் பல. எந்த வகை என்று தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டுமா, காத்திருக்கலாமா, உடனே ஓட வேண்டுமா என்பது புரியும்.

120/80 என்கிறார்களே, அந்த இரண்டு எண்களும் எதைக் குறிக்கின்றன?

இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது தமனிகளின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டையும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் சொல்கிறோம். 120 என்றால், 120 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தூணைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே அதே அழுத்தம் தண்ணீரை 1.6 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி உருவாக்கினார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் பிரித்தறியும் முறையைக் கண்டுபிடித்தார். காற்றை மெல்ல இறக்கும்போது முதல் ‘டக்’ கேட்கும் இடம் மேல் எண். ஒலி மறையும் இடம் கீழ் எண். இன்றும் அப்படித்தான் கேட்கிறோம்.

எவ்வளவு இருந்தால் பி.பி. என்பார்கள்? ஒருவர் 130 என்கிறார், இன்னொருவர் 140 என்கிறார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கின்றன. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. இரண்டு எண்களில் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டினாலே கணக்கில் சேரும்.

உடலுக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. 139-இல் பத்திரமாக இருந்தவர் 140-இல் நோயாளி ஆகிவிடுவதில்லை. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், 115-க்கு மேல் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2002-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. எந்த இடத்தில் மருந்து தொடங்குவது என்பதை மருத்துவர் உங்கள் வயது, சர்க்கரை நோய், சிறுநீரகம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்.

எனக்குத் தலைவலி, தலைசுற்றல் எதுவுமே இல்லை. பிறகு எப்படி எனக்கு பி.பி. இருக்கும்?

இருக்கும். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலைவலி வந்தால் பி.பி. ஏறியிருக்கிறது, வராவிட்டால் இறங்கியிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டிக் குறைப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வெளியே தெரியாமல் இருக்கும் ஆண்டுகளில்தான் உள்ளே சேதம் நடக்கிறது. இதயத்தின் சுவர் தடிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. விழித்திரையில் ரத்தம் கசிகிறது. 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது அவருடைய மருத்துவர் பதிவு செய்த அளவு 300/190. அது ஒரே நாளில் ஏறியதல்ல, ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார்; அதைக் குறைக்க நல்ல மருந்துதான் அன்று இல்லை. இன்று இருக்கிறது.

டென்ஷன் ஆகாமல் இருந்தால் பி.பி. வராது, இல்லையா? நான் அமைதியான ஆள்.

‘ஹைப்பர்டென்ஷன்’ என்ற பெயரால் வந்த குழப்பம் இது. அந்த ‘டென்ஷன்’ ரத்தக் குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசையைக் குறிப்பது. மனப் பதற்றத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. கோபமோ பயமோ வந்தால் அளவு சிறிது நேரம் ஏறும், பிறகு இறங்கிவிடும். ஓய்வாக இருக்கும்போதும் இறங்காமல் நிற்பதுதான் நோய். மிகவும் சாந்தமானவர்களுக்கும் அது வருகிறது.

ஒரே நாளில் மூன்று முறை பார்த்தால் மூன்று எண் வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கருவி நன்றாக இருந்தாலும் எண் மாறும். ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருப்பது. ஆனால் நம் அவசரமும் அதில் கலந்துவிடுகிறது. ஒருமுறை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த ஒருவர் உட்கார்ந்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டினார். துணி கயிறுபோல் கையை இறுக்கியது. கால்மேல் கால் போட்டிருந்தார். கையைத் தொடையில் தொங்கவிட்டு யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். 168 வந்தது. சட்டைக் கையைக் கழற்றச் சொல்லி, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 138.

முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும், கையை மேசையில் இதய மட்டத்தில் வைக்க வேண்டும். கை இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஏறத்தாழ 7 முதல் 8 வரை எண் கூடும். அந்த அளவுக்கு ரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்துகிறது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காஃபி, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். பெரும்பாலோர் கவனிக்காத தவறு இது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை இரண்டு கைகளிலும் பாருங்கள். அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் 160, வீட்டில் 128. எதை நம்புவது?

முதலில் மேலே சொன்னபடி அளந்தீர்களா என்று பாருங்கள். அப்படி அளந்தும் இதே வித்தியாசம் தொடர்ந்தால் அதற்கு ‘வெள்ளை அங்கி உயர் அழுத்தம்’ என்று பெயர். மருத்துவச் சூழலைக் கண்டதும் உடல் தானாகப் பதறுகிறது. ‘நான் பயப்படவே இல்லையே’ என்பீர்கள். மனம் பயப்படாவிட்டாலும் உடல் பதறும். பெரும்பாலும் இதற்கு மருந்து தேவைப்படாது. ஆனால் இவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நிலையான உயர் அழுத்தம் வருவதால், வீட்டில் அளப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறானதை நினைத்துத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மருத்துவமனையில் 126, வீட்டிலும் வேலையிடத்திலும் 150. இதை ‘மறைந்த உயர் அழுத்தம்’ என்கிறோம். எங்களிடம் வரும்போது எல்லாம் சரியாக இருப்பதால் நாங்களே அவர்களை நல்வாக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அபாயமோ சாதாரண உயர் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட இணையானது. வீட்டுக் கணக்குக்கு எல்லை 140/90 அல்ல, 135/85 என்பதை நினைவில் வையுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவி இருக்கிறது. அதில் முழு நாள் சராசரி 130/80-ஐத் தொட்டாலே அதிகம்தான்.

எனக்கு ஏன் வந்தது? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட முடியாதா?

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருப்பது முதன்மை உயர் அழுத்தம். தனித்த ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, எடை, உப்பு, மது, உடலுழைப்பின்மை எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகளில் உருவாக்குவது. இதைக் கட்டுப்படுத்தலாம், வேரோடு பிடுங்குவது அரிது.

மீதிப் பேருக்கு வேறொரு நோயின் விளைவாக வருகிறது. அது இரண்டாம் நிலை உயர் அழுத்தம். சிறுநீரக நோய், சிறுநீரகத் தமனியில் அடைப்பு, அட்ரினல் சுரப்பியில் கட்டி, தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது போன்றவை காரணமாகலாம். மருந்துகளும் காரணமாகலாம். வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை, சில கருத்தடை மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. மூட்டு வலிக்குத் தினமும் விழுங்கும் மாத்திரையை மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு 28 வயதுதான். பி.பி. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

இந்த வயதில் ‘ஏன்’ என்ற கேள்வியை விடாமல் கேளுங்கள். இளம் வயதில் வந்தாலோ, நன்றாக இருந்த அளவு திடீரென ஏறினாலோ முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் நிலைக் காரணங்களைத் தேட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1955-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்த இந்நோய் நினைத்ததைவிடப் பரவலானது. ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால் அறுவை சிகிச்சையில் பலருக்கு அழுத்தம் நன்றாகக் குறைகிறது, சிலருக்கு முழுமையாகவே சரியாகிறது. தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் அலையலையாக வந்து போனால் அதே சுரப்பியில் வேறொரு கட்டி இருக்கலாம். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க ஆய்வு தேவை. கையில் அழுத்தம் அதிகமாகவும் காலில் குறைவாகவும் இருந்தால் பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருக்கலாம்.

அப்பாவுக்கு 72 வயது. மேல் எண் 165, கீழ் எண் 75. வயதானால் மேல் எண் கொஞ்சம் கூடத்தானே செய்யும்?

‘வயதோடு 100-ஐக் கூட்டினால் சரியான பி.பி.’ என்ற பழைய கணக்கு இன்னும் பல வீடுகளில் உலவுகிறது. அதை விட்டுவிடுங்கள். வயதாக ஆகப் பெருந்தமனி மீள்தன்மையை இழந்து விறைக்கிறது. இதயம் தள்ளும்போது அது விரிந்துகொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. தளரும்போது சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ள முடியாததால் கீழ் எண் இறங்குகிறது. அப்பாவுக்கு இருப்பது இந்தத் தனித்த மேல் அழுத்தம். முதியவர்களிடம் மிகவும் காணப்படும் வகை இதுதான். கீழ் எண் அழகாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள இதில் இடமில்லை.

இதற்குச் சிகிச்சை தந்தால் பயன் உண்டா என்பதை 60 வயதுக்கு மேற்பட்ட நாலாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் சோதித்த ஆய்வு 1991-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் முதியவருக்கு மெதுவாக, சிறிய அளவில் தொடங்கிக் குறைக்க வேண்டும். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

எனக்குக் கீழ் எண் மட்டும் 96. இது என்ன வகை?

தனித்த கீழ் அழுத்தம். நடுத்தர வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம், குறிப்பாக எடை கூடியவர்களிடம் அதிகம். நாளடைவில் மேல் எண்ணும் சேர்ந்து ஏறிவிடுவது வழக்கம் என்பதால் இப்போதே எடையிலும் நடையிலும் கவனம் வையுங்கள்.

கர்ப்பத்துக்கு முன் பி.பி. இல்லை. ஏழாம் மாதத்தில் 146/94. பிரசவம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அப்படிச் சொல்லி நாள் கடத்தக் கூடாத வகை இது. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வரும் உயர் அழுத்தம், முன்சூல்வலிப்பு என்ற நிலையாக மாறலாம். அப்போது சிறுநீரில் புரதம் வரும். கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும். குழந்தைக்கும் ரத்தம் போதாமல் போகும். கடும் தலைவலி, கண் மங்குதல் அல்லது மின்னுதல், வலப்பக்க விலாவின் கீழ் வலி, முகம் திடீரென வீங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவென்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள். 160/110-ஐத் தொட்டால் அறிகுறியே இல்லாவிட்டாலும் அவசரம்தான்.

பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் முதல் ஆறு வாரங்களில் புதிதாகவும் வரலாம். இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழந்தை வந்ததும் தாயின் கையில் பட்டை சுற்றுவதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொதுவாகத் தரப்படும் சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.

பகலில் எல்லாம் சரி. இரவில் மட்டும் ஏறுமா?

ஏறும். தூக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், உறக்க மூச்சடைப்பு உள்ளவர்களில் பலருக்கு அது இறங்குவதில்லை. 24 மணி நேரக் கருவிதான் இதைக் காட்டும். ‘அப்படியானால் மாத்திரையை இரவில் சாப்பிட்டால் நல்லதா’ என்று அடுத்து கேட்பார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் காலைக்கும் இரவுக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் சாப்பிட முடிகிற நேரமே நல்ல நேரம்.

திடீரென 190/120 காட்டுகிறது. நாக்கின் அடியில் மாத்திரை வைத்து உடனே இறக்கலாமா?

கூடாது. எண்ணைவிட முதலில் ஆளைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமின்மை, பார்வை மறைதல், குழப்பம், வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் அது உயர் அழுத்த அவசரநிலை. உறுப்புகள் அந்த நிமிடமே சேதமாகின்றன. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இவை எதுவுமே இல்லையென்றால் அமைதியாக உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 180/120-க்கு மேல் நின்றால் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைத்து ஒரேயடியாக இறக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் திடீரென ரத்தம் குறைந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் அதைக் கைவிட்டார்கள்.

மூன்று மாத்திரை சாப்பிட்டும் 150-க்குக் கீழ் வரவில்லை. இனி என்ன செய்வது?

சிறுநீர் போக்கியையும் சேர்த்து மூன்று வகை மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் இறங்காவிட்டால் அது கட்டுப்படாத உயர் அழுத்தம். ஆனால் அப்படிப் பெயர் சூட்டுவதற்கு முன் மனம்விட்டுப் பேச வேண்டியவை உண்டு. மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறீர்களா? தவறவிட்டதைச் சொன்னால் நாங்கள் திட்ட மாட்டோம். மறைத்தால் தேவையில்லாமல் நான்காவது மாத்திரை எழுதப்படும். அளக்கும் முறை, வெள்ளை அங்கி விளைவு, வலி மாத்திரைகள், இரண்டாம் நிலைக் காரணங்கள் என்று மேலே உள்ள பதில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் நான்காவதாகச் சேர்க்கப்படும் ஸ்பைரனோலாக்டோன் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. பொட்டாசியத்தை அவ்வப்போது சோதித்தபடி அதைத் தருவார்கள்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். பொட்டாசியம் உப்புக்கு மாறிவிடலாமா?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பொட்டாசியம் கலந்த உப்பு அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் (ஸ்பைரனோலாக்டோன் அதில் ஒன்று, பிரில், சார்டான் என்று முடியும் பெயருள்ள மாத்திரைகளும் சேரும்) மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இப்போது 124/78. சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?

சரியாக இருப்பது மாத்திரையால்தான். என் பெரியப்பா இப்படித்தான் ஒரு நாள் நிறுத்தினார். தன் நோட்டில் தேதியோடு அளவுகளை எழுதிவைக்கும் மனிதர். கடைசிப் பக்கத்தில் 122/80 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். ஏழு மாதம் கழித்து வலது கை விழுந்துவிட்டது. அதன் பிறகு அவரால் அந்த நோட்டில் எழுத முடியவில்லை.

எடை நன்றாகக் குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, உடற்பயிற்சியும் நிலைத்துவிட்டால் சிலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடியும். அதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். சில மாத்திரைகளைத் திடீரென விட்டால் அழுத்தம் முன்பைவிட வேகமாக எகிறும். குளோனிடினும் பீட்டா தடுப்பிகளும் அந்த வகை. வறட்டு இருமலோ கணுக்கால் வீக்கமோ வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். வேறு வகை மருந்து இருக்கிறது.

நுரையீரலில் பி.பி. என்று எழுதியிருக்கிறார்கள். கையில் பார்த்தால் நார்மலாக இருக்கிறதே?

அது வேறு நோய். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனிகளில் ஏறும் அழுத்தத்தைக் கையில் சுற்றும் பட்டை காட்டாது. எக்கோ பரிசோதனையில் சந்தேகம் எழும்; உறுதிசெய்ய இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளப்பார்கள். மருந்துகளும் வேறு. கல்லீரல் நோயில் சொல்லப்படும் போர்ட்டல் அழுத்தமும் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரையில் ஏறுவது) கண் அழுத்தமும் அதேபோல் தனித்தனி விஷயங்கள்.

உட்கார்ந்து பார்த்தால் அம்மாவுக்கு 150. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா?

நானே பதில் சொல்லத் தயங்கும் கேள்வி இது. ஒரே ஆளுக்கு உட்கார்ந்தால் உயர் அழுத்தமும் நின்றால் தாழ் அழுத்தமும் இருக்க முடியும். முதியவர்களிடமும் நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடமும் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளங்கள். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த எண்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். புரோஸ்டேட், மன அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை அம்மா காலையில் கண் விழித்ததும் எழுந்துவிடாமல், கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும்.